பேகோபுரத் தெரு மேட்டில் ஒரு எட்டுச் சக்கர வண்டி

போன வாரம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே ஒருவனைப் பிடித்துக் கத்தினேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்திருந்தான். கைப்பிடியில் இந்தப் பக்கம் ஒரு பை, அந்தப் பக்கம் ஒரு பை. பெல்ட் இரண்டும் மாட்டப்படாமல் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. அவன் போனைப் பார்த்தபடி ஒற்றைக் கையால் தள்ளினான்.

"பைய எடுடா மொதல்ல. பெல்ட்ட மாட்டு" என்றேன்.

"உங்களுக்கு இன்னா சார் பிரச்சன?" என்றான்.

என் பிரச்சினையைச் சொல்லி முடிக்கும்வரை அவன் நிற்க மாட்டான். அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் குழந்தை வண்டி தள்ளிய முதல் ஆம்பளை அநேகமாக நான்தான். அந்த வண்டியை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையும் முதலில் செய்தவனும் நான்தான்.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் இல்லை. பெரிய வைத்தியம் என்றால் வேலூருக்குத்தான் ஓட வேண்டும். தேரடிக்குப் பக்கத்தில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. வீடு பேகோபுரத் தெருவில், கோயிலுக்கு மேற்கே, மலையைப் பார்த்து ஏறும் மேட்டில். மழை பெய்தால் மலைத் தண்ணீர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் கீழே ஓடும். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் விட்டால் அதுவும் தண்ணீர் மாதிரியே ஓடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தே செய்தேன் என்பதுதான் கேவலம்.

என் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தையல் போட்ட இடம் இரண்டு முறை சீழ் பிடித்தது. ஒரு வருடத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, குழந்தையையும் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். குழந்தை அழுதால் யாராவது எடுத்து அவள் மடியில் போட வேண்டும். பால் குடித்து முடித்தால் யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காக என் அக்கா, மலை சுற்றும் வழியில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். தெருவில் மற்ற பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதை என் மனைவி கதவருகே நின்று பார்ப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குழாயடியைத் திட்டுவேன்.

ஆபரேஷனுக்குப் போகும்போது அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். உயிரோடு திரும்பினால், குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் அதைத் தன் கையாலேயே கொண்டுபோய் மலையைச் சுற்றுவது. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பது அவளுக்குப் பெரிதில்லை. தூக்குவதுதான் முடியாது.

"நான் தூக்கறேன். நீ கூட நடந்து வா" என்றேன்.

"வேண்டிகினது நானா, நீங்களா? என் கை அது மேல இருக்கணும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோதுதான் வண்டி வந்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கடையில் மாத வாடகைக்கு சைக்கிள் எடுத்திருந்தாள். அவளுக்கு ஒரு சின்ன மகள். அந்தக் குழந்தையை ஒரு மடக்கு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். அலுமினியக் குழாய், நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கெட்டித் துணி, குடைப்பிடி மாதிரி வளைந்த இரண்டு கைப்பிடி. ஒவ்வொரு காலுக்கும் ஜோடியாகச் சின்னச் சக்கரம், மொத்தம் எட்டு. முதல் தடவை பார்த்தபோது நான் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பேரிங் இல்லை, வெறும் பிளாஸ்டிக் வளையம், புஷ் என்போம். ஆனாலும் வெண்ணெய் மாதிரி ஓடியது! ஒருமுறை மணல் புகுந்து கிரீச்சிட்டபோது நான்தான் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் வண்டியோடு கடைக்கு வந்தாள். மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், இனி வண்டி எனக்கு என்று சைகையில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்! உடனே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. அவள் விடவில்லை. என் பம்பையும் ஸ்பேனர்களையும் ஒரு பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டினாள். மகளை வண்டியிலிருந்து இறக்கினாள். வண்டி அப்படியே பின்பக்கமாக மல்லாந்து சாய்ந்தது. "நோ" என்று விரலை ஆட்டினாள். பிறகு பின் சக்கரத்தில் இருந்த சிவப்புப் பிடியைக் காலால் அழுத்தி வண்டியைத் தள்ளிக் காட்டினாள். நகரவில்லை. பெல்ட்டை மாட்டி, அவிழ்த்து, மறுபடி மாட்டி, இழுத்துக் காட்டினாள். மூன்று தடவை. என்னையும் செய்யச் சொன்னாள்.

எனக்கே வண்டி சொல்லித் தருகிறாளே என்று எரிச்சல். சரிம்மா சரிம்மா என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

வீட்டில் அன்று திருவிழாதான். நடுக்கூடத்தில் வண்டியை விரித்தேன். குழந்தையை வைப்பதற்கு முன்னால் ஒரு பூசணிக்காயை உட்கார வைத்துக் காட்டினேன். பின்னால் இருக்கும் கொக்கியை டக்கென்று சத்தம் வரும்வரை மிதிக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. வண்டி பூசணிக்காயோடு மடங்கியது. என் சுட்டுவிரல் நடுவில் மாட்டியது. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ரத்தம் கட்டிய விரலை வாயில் வைத்துக்கொண்டே நான் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புது வண்டி வாங்கினால் இந்த ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். சந்தனம், குங்குமம், கற்பூரம். எட்டுச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். லாரிக்குக் கட்டுவது போல எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து முன்பக்கம் தொங்கவிட்டாள் அக்கா. குழந்தை அதையே பிடித்து விளையாடிற்று. மிளகாயைக் கசக்கின கையால் கண்ணைத் தேய்த்தது. பிறகு அரை மணி நேரம் தெருவே அதிர அழுதது. "கண்ணு படாம இருக்கக் கட்டுனா கண்ணுக்குள்ளயே பூட்ச்சே" என்று அக்காவே தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த இரண்டிலும் எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்தது பெல்ட். இடுப்பைச் சுற்றி ஒன்று, இரண்டு காலுக்கு நடுவில் ஒன்று. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"டேய் தம்பி, இது இன்னாத்துக்கு?"

"புள்ளையக் கட்டறதுக்கு."

"புள்ளையக் கட்டுவாங்களா? மாட்டக் கட்டுவாங்க. திருடனக் கட்டுவாங்க. கட்டிப் போட்ட புள்ள வளராதுடா. அத மொதல்ல அறுத்து எறி."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் வீட்டில் குழந்தையைக் கட்டி நான் பார்த்ததில்லை. சனியன், வெள்ளைக்காரர்களுக்குத்தான் கையும் காலும் கட்டி உட்கார வைக்கும் புத்தி என்று திட்டிக்கொண்டே பிளேடால் பெல்ட்டை அறுத்தேன்.

"அந்தம்மா மூணு வாட்டி காட்டுனாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"அவளுக்கு ஜாஸ்தி பயம்" என்றேன்.

நல்ல கெட்டியான நாடா. எறிய மனம் வரவில்லை. கடையில் ஏழாம் நம்பர் சைக்கிளுக்குக் கேரியர் கயிறு அறுந்திருந்தது. அதில் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை என் மனைவி வண்டியைப் பிடித்தாள். அக்கா குழந்தையை உள்ளே வைத்தாள். என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலிலிருந்து, தெரு சமமாகிவிடும் மேல் பக்கம் பத்து வீடு தள்ளிப் போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு தள்ளினாள். நானும் கடை திறக்கப் போகாமல் வாசலில் நின்று, பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "பாத்தியா, எங்க வண்டி!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே மலை சுற்றப் போகலாம் என்றாள். நான்தான் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றேன். அந்த ஒரு வாரத்தில்தான் அது நடந்தது.

மேட்டில் பாதித் தூரத்தில் ஒரு பெட்டிக்கடை. அந்தக் கடைக்காரனுக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதைவிட என்னைச் சீண்டுவதில்தான் ஆசை. வண்டி வந்த நாளிலிருந்து தினமும் ஒன்று. "இன்னாப்பா, தேரு இன்னிக்கு எந்த வீதி?" என்பான். "வடம் புடிக்க ஆள் வேணுமா?" என்பான். நானும் தினமும் பதிலுக்குத் திட்டுவேன். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அன்று சாயங்காலம் குழந்தையைத் தேரடி வரை கூட்டிப்போய் வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்பினேன். வழியில் இரண்டு தேங்காய், கத்தரிக்காய், ஒரு பத்தை பூசணி. எல்லாம் ஒரே பையில், பை கைப்பிடியில். மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தேன். பெட்டிக்கடைக்காரன் நாலு பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பொம்பள வேல நல்லாத்தான் செய்ற. அப்பிடியே எங்க வூட்டுக்கும் ரெண்டு கொடம் தண்ணி எட்த்து ஊத்திட்டுப் போயேன்" என்றான். நாலு பேரும் சிரித்தார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டினேன். லுங்கியை மடித்துக் கட்ட இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் எடுத்தேன். சிவப்புப் பிடியை மிதிக்கவில்லை. "இன்னாடா சொன்ன?" என்று அவன் கடைப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

அந்த நாலு பேரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.

வண்டி பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை என்னைப் பார்த்தபடியே என்னைவிட்டுப் போனது. அது சிரித்துக்கொண்டிருந்தது என்பதை நான் எப்படி மறப்பேன்? பாய்ந்தேன். சக்கரத்துக்கு நான்தானே எண்ணெய் விட்டிருந்தேன்! கீழே வீடு கட்டுகிற ஒருவர் தெருவில் மணல் கொட்டி, சரியாமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தார். பின் சக்கரம் அந்தக் கல்லில் மோதியது. கைப்பிடியில் தொங்கிய தேங்காய்ப் பை வண்டியைப் பின்னால் இழுத்துச் சாய்த்தது. பெல்ட் இருந்திருந்தால் குழந்தை வண்டியோடு இருந்திருக்கும். பெல்ட்தான் இல்லையே, தலைகீழாக வழுக்கி மணலில் விழுந்தது.

நான் ஓடினேன். என்னைத் தாண்டி ஒருத்தி ஓடினாள். என் மனைவி. மேலே வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஓடக் கூடாதவள் ஓடினாள். தூக்கக் கூடாதவள் குனிந்து, வாயெல்லாம் மணலாக, புருவத்தில் ரத்தம் வழியக் கிடந்த குழந்தையை வாரித் தூக்கினாள். பிறந்த ஏழு மாதத்தில் அவள் தன் குழந்தையை முதன்முதலாகத் தூக்கியது அப்போதுதான். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேலே இரண்டு தையல். வேறொன்றும் இல்லை என்றார்கள். குழந்தை மறுநாளே சிரித்தது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தாள். மூன்று நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். "அந்தப் பீடைய இரும்புக் கடையில போட்டுட்டு வா. மலையும் சுத்த வேணாம், ஒண்ணும் வேணாம்."

நாலாம் நாள் காலை சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியைக் கீழே தள்ளி, குழாயின் மேல் குறி பார்த்து ஓங்கினேன். அப்போது என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், குழந்தையைப் பார்க்க வந்து தின்பண்டப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் தடுக்கவில்லை, அக்காவும் தடுக்கவில்லை. உள்ளே இருந்துதான் குரல் வந்தது.

"வண்டி மேல இன்னா கோவம் உங்களுக்கு? கைய வுட்டது யாரு?"

சுத்தியலை இறக்கினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒட்சிட்டீங்கன்னா நான் எப்படிப் போவேன்? இன்னும் நாலு மாசம் கீது. பெல்ட்ட கொண்டாங்க."

"மறுபடியும் புள்ளையக் கட்டணுமா?" என்று அக்கா எழுந்தாள்.

"அண்ணி, தேர்ல சாமிய சும்மாவா உக்கார வைக்கிறாங்க? கேளுங்க எங்கண்ணன."

என் மச்சான் கொத்தனார். ஆனால் தீபத் திருவிழாவில் அவருக்கு வேறு வேலை. பெரிய தேர் ஓடும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடி, திருப்ப வேண்டிய இடத்திலும் நிறுத்த வேண்டிய இடத்திலும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவர் ஒருவர். தேர் சங்கதியில் அவர் சொல்வதை மறுத்துப் பேச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

"கட்டாம?" என்றார் அவர். "மூலைக்கு மூல கவுறு போட்டு இறுக்குவாங்கோ. மேல பட்டு, மாலன்னு போட்டதும் உங்களுக்குத் தெரியறதில்ல. கட்டாம வச்சா, மொத வாட்டி வடத்த இழுத்த ஒடனே சாமி எங்க மடியிலதான் இருப்பாரு."

அக்கா வாயில் கையை வைத்தாள். ஊருக்கே பெரியவரைக் கட்டித்தான் உட்கார வைக்கிறார்கள் என்றால் அதற்குமேல் அவளால் என்ன பேச முடியும்? அன்று சாயங்காலமே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டாள். "உங்க இஷ்டம். எனக்கு மனசு ஆறல" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு குழந்தையை எடுத்து மடியில் போடும் வேலையை நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டோம்.

மச்சான் என்னைச் சும்மா விடவில்லை. வண்டியை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, மேட்டுல தேரு நிக்கணும்னா கட்ட. இதுக்குக் கட்ட இன்னா?"

சிவப்புப் பிடியைக் காட்டினேன்.

"அன்னிக்குப் போட்டியா?"

"இல்ல."

"பிரேக்கு போடத் தெரியாத ஆளு அப்பறம் இன்னா மயித்துக்கு சைக்கிள் கட வச்சிக்கினு கீற?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன். பெல்ட்டை எடுத்து வரக் கிளம்பினேன்.

நேரே கடைக்குப் போனால் ஏழாம் நம்பர் சைக்கிள் இல்லை. ஒரு வாழைக்காய் வியாபாரி எடுத்துக்கொண்டு போயிருந்தார். இன்னொரு சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினேன். காய்கறி மார்க்கெட் அருகே அவர் தாரோடு போய்க்கொண்டிருந்தார். "நில்லுய்யா, நில்லு!" என்று குறுக்கே விட்டு நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்தேன். வாழைத்தார் இரண்டும் ரோட்டில் சரிந்தன.

"யோவ், நடுரோட்டுல ஒருத்தன் கோவணத்த உருவற மாதிரி உருவறியே, உனக்கின்னா பைத்தியமா?" என்று அவர் கத்தினார்.

"ஆமா, பைத்தியந்தான்" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. என் இடுப்பிலிருந்த துண்டைக் கொடுத்துத் தாரைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேரடியில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு பெல்ட்டைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தேன். அவர் ஒரு காலை வண்டிமேல் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்துப் பார்த்தேன். மச்சான் புளியங்கட்டையில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு முட்டுக்கட்டை செதுக்கிக் கொண்டுவந்தார். தேர்க்கட்டை மாதிரியே ஒரு பக்கம் சரிவு. பிரேக்கையும் போடு, கட்டையையும் வை என்றார்.

அடுத்த மூன்று வாரம் நான் ஒரு பெரிய பூசணிக்காயைப் பெல்ட் போட்டு உட்கார வைத்து பேகோபுரத் தெரு மேட்டில் ஏறி இறங்கினேன். தெரு சிரித்தது. சிரிக்கட்டும்! பிரேக்கை மிதித்துவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன், நின்றது. பையை மாட்டிப் பார்த்தேன், சாய்ந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண் அன்றைக்கே சொன்னதுதான். பையை என் தோளில் போட்டுக்கொண்டேன். வேகமாகத் தள்ளி, கல்லில் மோத வைத்துப் பார்த்தேன். வண்டி குலுங்கியது, பூசணிக்காய் அசையவில்லை. எனக்கு வந்த உற்சாகத்தில் அதே வேகத்தில் வீட்டுக்கு ஓடிப்போய், "உழுவல! உழுவல!" என்று கத்தினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "நாளைக்கு அதுக்கு நான் பால் குடுக்கட்டுமா?" என்றாள். அவள் கேலி பேசிவிட்டாள். என்னோடு பழையபடி பேசிவிட்டாள்!

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மச்சானும் வந்தார். குழந்தையை நான் தூக்கி வைத்தேன். பெல்ட்டை அவள் மாட்டினாள். வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். பழைய புடவையில் கிழித்த ஒரு நாடாவால் கைப்பிடியைத் தன் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டாள்.

"வடம்" என்றார் மச்சான்.

இப்போது மாதிரி அப்போது கும்பல் கிடையாது. செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பியதும் மண் பாதைதான். இரண்டு பக்கமும் புளியமரம். எதிரே எப்போதாவது ஒரு மாட்டுவண்டி வரும். கல் நிறைந்த இடங்களில் நானும் மச்சானும் முன்னும் பின்னுமாகப் பிடித்து, வண்டியைக் குழந்தையோடு தூக்கி அப்பால் வைத்தோம். அப்போதும் அவள் கைப்பிடியை விடவில்லை. வெயில் ஏறியதும் வண்டிமேல் என் துண்டைப் போர்த்தினேன். கொஞ்ச தூரத்தில் அவள் துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, "உள்ள கொதிக்குது, எடுங்க" என்று எடுத்துவிட்டாள். மர நிழலில் நின்று நின்று போனோம். நிற்கும்போதெல்லாம் பிரேக், கட்டை. மலை எங்களுக்கு வலப்பக்கம் ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு உருவமாக வந்தது. குழந்தை அதையெல்லாம் பார்க்கவில்லை. சுற்றுகிற முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

ஓரிடத்தில் மாட்டுவண்டித் தடத்தில் முன் சக்கரம் சட்டென்று இறங்கியது. வண்டி முன்னால் கவிழ்ந்தது. நான் "ஐயோ" என்று அலறினேன். குழந்தை பெல்ட்டில் தொங்கியது. கையையும் காலையும் தரையை நோக்கி நீந்துவது போல ஆட்டியது. எச்சில் ஒழுகி மண்ணில் விழுந்தது. பிறகு கெக்கெக்கே என்று சிரித்தது!

"கத்தாதீங்க. ஒண்ணும் ஆவல" என்றாள் அவள். கைப்பிடியை அழுத்திப் பின்னால் இழுத்து வண்டியை நேராக்கினாள். நான்தான் பெல்ட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

அடி அண்ணாமலையில் அக்கா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வருவதாகச் சொல்லி அனுப்பவில்லை. எவனோ பார்த்துவிட்டு முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறான். சொம்பில் மோர் வைத்திருந்தாள். நேராக வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குழந்தையின் புருவத்துத் தழும்பைத் தடவினாள். பிறகு பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் தொளதொளன்னு கீதேடி. இன்னும் ஒரு வெரலு இறுக்கு" என்றாள் என் மனைவியிடம்.

ஊருக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். பேகோபுரத் தெரு அடியில் வந்து என் மனைவி நின்றாள். பிரேக்கை மிதித்தாள். மச்சான் கட்டையை வைத்தார். அவளுக்கு மூச்சு வாங்கியது. மேட்டில் தள்ள அவளுக்குத் தெம்பில்லை, தள்ளவும் கூடாது. மணிக்கட்டிலிருந்த நாடாவை அவிழ்த்தாள். அந்தத் தெருவில், அந்த மேட்டின் அடியில், அந்த மணல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, நாடாவை என் மணிக்கட்டில் கட்டினாள். இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"தள்ளுங்க" என்றாள்.

நான் தள்ளினேன். பாதி மேட்டில் பெட்டிக்கடைக்காரன் எழுந்து நின்றான். அன்றைக்கு அடிபட்ட குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வந்தவன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா?

"இன்னாப்பா, தேரு நெலைக்கு வந்துடுச்சா?" என்று கத்தினான்.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் சொன்னேன். அவன் அப்பனில் ஆரம்பித்து அவன் கடைச் சுண்ணாம்பு டப்பா வரை ஒன்றையும் விடவில்லை. தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அவனும் சிரித்தான், மச்சானும் சிரித்தார்.

"திட்டுங்க, எவ்ளோ வேணா திட்டுங்க" என்றாள் பக்கத்தில் நடந்து வந்த என் மனைவி. "கைய மட்டும் எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. லுங்கி அவிழ்ந்தது. அதற்கும் எடுக்கவில்லை. மச்சான்தான் ஓடிவந்து பிடித்தார்.